புதினா செய்த குற்றம்

புதினாவைப் போலச் சாதுவான செடி உலகத்தில் இல்லை என்றே நான் நினைத்துக் கொண்டிருந்தேன். துவையலுக்கு ஆகும், வயிற்றுப் பொருமலுக்கு ஆகும், ஒரு தண்டைக் கிள்ளி ஈர மண்ணில் ஊன்றினால் போதும், தானே பிழைத்துக் கொள்ளும். அப்படிப்பட்ட செடியின் பேரில் ஓர் அரசியல் குற்றச்சாட்டு வரும் என்று யார் கண்டார்கள்?

வந்தது. அமெரிக்காவில் வந்தது. புதினா வர்க்கத்துச் செடிகள் எப்படிப் பரிணமித்தன, கண்டம் விட்டுக் கண்டம் எப்படிப் பரவின என்று ஆராய்வதற்கு அந்நாட்டின் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் டாலர் மானியம் கொடுத்திருந்தது. டெட் குரூஸ் என்ற செனட்டர் 2024 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்த ஸ்தாபனம் கொடுத்த மானியங்களில் 3,400க்கும் மேற்பட்டவை, ஏறத்தாழ 205 கோடி டாலர் பெறுமானமுள்ளவை, விஞ்ஞானத்தின் போர்வையில் கொள்கைப் பிரசாரம் செய்கின்றன என்பது அதன் சாரம். 2025 பிப்ரவரியில் முழுப் பட்டியல் வெளியாயிற்று. அதில் புதினாவும் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் துருவிப் பார்த்தார்கள். குற்றம் என்று சொல்லத்தக்க இரண்டே சொற்கள் அகப்பட்டன. செடிகள் பல வகைகளாகக் கிளைத்ததைச் சொல்லும் ‘டைவர்சிஃபை’ என்பது ஒன்று. குழுவில் உள்ள ஓர் இளம் விஞ்ஞானியைப் ‘பெண்’ என்று குறித்திருந்தது மற்றொன்று. அதே பட்டியலில், பெருகும் ரத்தத்தை நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்ய விரும்பியவர்களும் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டுக்கு ‘இலக்கானவர்கள்’ என்றும் ‘காயம்’ என்றும் எழுதியிருந்தது அவர்கள் செய்த பாவம். ரத்தம் கொட்டுகிறவனைக் குறிக்கக் காயம் என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவது?

விஞ்ஞானத்தில் எனக்கு இருக்கும் பாண்டித்தியம் கொஞ்சம்தான். ஆனால் நான் சொல்லை விற்றுப் பிழைக்கிறவன். நாவலில் ஒரு பாத்திரம் பேசிய சொல்லைப் பிடுங்கி எடுத்து, அதை ஆசிரியன் தலையில் கட்டி, அவனைக் கூண்டில் நிறுத்துகிற விமர்சகர்களோடு இருபது வருஷமாக மல்லுக்கு நிற்கிறவன். ஆகையால் இந்த வழக்கில் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

குரூஸைத் திட்டுவது சுலபம். திட்டத்தான் போகிறேன். அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தச் சொற்களை ஆராய்ச்சி மனுக்களுக்குள் முதலில் கொண்டுவந்து வைத்தவர்கள் யார்?

தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் 1997ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மனுவையும் இரண்டு தராசுகளில் நிறுத்து வந்திருக்கிறது. ஒன்று அறிவு மதிப்பு. மற்றொன்று, இந்த ஆராய்ச்சியால் சமூகத்துக்கு விளையும் பரந்த பயன். பெண்கள், சிறுபான்மை இனத்தார், ஊனமுற்றோர் ஆகியோர் விஞ்ஞானத்தில் பங்கு கொள்ள இந்த வேலை எவ்வாறு உதவும் என்பது அந்த இரண்டாவது தராசில் விழும் கேள்விகளில் ஒன்று. இது ஏதோ ஓர் அதிகாரியின் விருப்பமல்ல. 2010இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டமே இதற்கு அழுத்தம் கொடுத்தது. மனுவோடு வைக்கும் ஒரு பக்கச் சுருக்கத்தில் இந்த இரண்டையும் பற்றி எழுதாவிட்டால், மனுவைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆக, சட்டம் ‘எழுது’ என்றது, விஞ்ஞானி எழுதினான், பின்னால் வந்தவர்கள், ‘ஏன் எழுதினாய்?’ என்று கேட்டார்கள். புதினா ஆராய்ச்சிக்காரர்களுக்கு நேர்ந்தது இதுதான்.

என் தங்கை பிள்ளை ஒருவன் அங்கே ஒரு சர்வகலாசாலையில் வைத்திய ஆராய்ச்சிக்குப் புள்ளியியல் கணக்குப் போடுகிற உத்தியோகத்தில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்திருந்தபோது இந்தப் பேச்சு வந்தது.

“அந்தப் பத்தியா மாமா? அதைக் கடைசி நாள் ராத்திரிதான் எழுதுவோம். போன மனுவிலே என்ன எழுதினோமோ அதை எடுத்து, வருஷத்தை மாத்தி, ரெண்டு வார்த்தையை இப்படி அப்படித் திருப்பி வெச்சா முடிஞ்சுது” என்றான்.

“அதிலே சொன்னதையெல்லாம் செய்வீர்களா?”

“சில பேர் உசிரைக் கொடுத்துச் செய்யறாங்க மாமா. சனிக்கிழமை தோறும் ஏழைப் பசங்களைக் கூட்டி வெச்சுச் சொல்லிக் கொடுக்கிறவங்களை எனக்கே தெரியும். ஆனா அவங்க எழுதற பத்தியும் எங்க பத்தியும் படிக்கிறதுக்கு ஒண்ணாத்தான் இருக்கும்.”

என்னைத் தொட்டது இந்தக் கடைசி வாக்கியம். சனிக்கிழமையைக் கொடுத்தவனும் சனிக்கிழமையைப் பற்றி எழுதினவனும் காகிதத்தில் ஒன்று. சொல்லப் போனால் எழுதினவன் ஒரு படி மேலே நிற்பான். அவனுக்கு எழுத நேரம் இருக்கிறதே! கலியாணப் பத்திரிகையில் ‘தங்கள் வரவை ஆவலுடன் எதிர்பார்க்கும்’ என்று அச்சடிக்கிறோமே, அதில் ஆவல் எவ்வளவோ அவ்வளவு நியாயம்தான் இப்படிப்பட்ட பத்தியில் இருக்க முடியும்.

இந்த விஷயத்தில் நல்லவர்களின் ஆர்வம் கொஞ்ச நஞ்சமல்ல. 2022இல் அமெரிக்க எரிசக்தி இலாகாவின் விஞ்ஞானப் பிரிவு ஒரு புதிய விதி போட்டது. அணுவின் உட்கருவை ஆராய்கிறவனானாலும் சரி, சூரியனின் வெப்பத்தை ஆராய்கிறவனானாலும் சரி, எல்லாரையும் அரவணைத்துச் செல்லும் சூழ்நிலையைத் தன் ஆராய்ச்சிக் கூடத்தில் எப்படி உண்டாக்கப் போகிறான் என்று தனித் திட்டமே எழுதி மனுவோடு இணைக்க வேண்டும் என்றது அந்த விதி. இதற்கும் முன்னால், பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை 2018-19இல் உயிர் விஞ்ஞானத் துறைகளுக்கு ஆசிரியர்களைத் தேடியது. சுமார் 900 பேர் மனுச் செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேரை, பன்மையைப் பற்றி அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்தே கழித்துவிட்டார்கள். அவர்கள் செய்த ஆராய்ச்சி என்ன, எழுதிய கட்டுரைகள் என்ன என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில் கணக்கில் வரவில்லை.

இது எனக்குச் சம்மதமில்லை. இதனால் வெள்ளைக்காரர்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அங்கே சிலர் மாரடித்தார்கள். என் ஆட்சேபம் அதுவல்ல. ஏழைக் குடும்பத்திலிருந்து, குக்கிராமத்திலிருந்து, முதல் தலைமுறையாகப் படித்து வந்த ஒருவனுக்கு இந்த நாசூக்கான பாஷை எங்கிருந்து வரும்? அது பெரிய கலாசாலைகளில் படித்தவர்களின் பாஷை. அந்த வாசலைத் திறக்கிறேன் என்று சொல்லி, அதன் முன் ஓர் இலக்கணப் பரீட்சையை வைத்தால், யாருக்காகத் திறந்தார்களோ அவனே வெளியே நிற்பான். நான் கதை எழுதுகிறவன். நெஞ்சில் ஒரு துளி ஈரம் இல்லாமல் உருகி உருகி ஒரு பக்கம் எழுதுவது எத்தனை சுலபம் என்பது என் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

ஏன் அமெரிக்கர்கள் நியாயத்தைப் பத்தியாக எழுதி வாங்கும் நிலைக்கு வந்தார்கள்? அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. டேவிஸ் நகரத்து வைத்தியக் கலாசாலையில் 100 இடங்களில் 16 இடங்களைச் சிறுபான்மையோருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பாக்கி என்ற வெள்ளைக்கார இளைஞர் வழக்குப் போட்டார். 1978இல் சுப்ரீம் கோர்ட்டு அந்த ஒதுக்கீட்டைத் தள்ளிவிட்டது. நீதிபதி பவல் தம் தீர்ப்பில் ஒரே ஒரு சன்னலை மட்டும் திறந்து வைத்தார். சமூகம் முன்பு இழைத்த கொடுமைக்குப் பரிகாரம் என்று சொல்லி இடம் கொடுக்கக் கூடாது. பல தரத்து மாணவர்கள் கலந்திருந்தால் படிப்பு சிறக்கும் என்பதற்காக, ஒருவருடைய இனத்தையும் ஓர் அம்சமாகக் கவனிக்கலாம் என்றார். அந்தச் சன்னலின் பெயர்தான் ‘டைவர்சிட்டி’.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அடிமையாக விற்கப்பட்டவனின் பேரனுக்கு, ‘உன் பாட்டனுக்கு அநியாயம் செய்தோம், ஆகையால் இந்தா’ என்று சொல்ல வாய் அடைக்கப்பட்டுவிட்டது. ‘நீ பக்கத்தில் உட்கார்ந்தால் எங்கள் பிள்ளைகளுடைய அறிவு விசாலமாகும், ஆகையால் வா’ என்று சொல்லலாம். நியாயம் தன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கொள்ள முடியாமல் மாற்று வேஷம் போட்டுக் கொண்டது. சட்டத்துக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு, போகப் போக அலங்காரமாயிற்று, அலங்காரம் சடங்காயிற்று, சடங்கு பாரம் எழுதி நிரப்புகிற வேலையாயிற்று. 2023இல் அந்தச் சன்னலையும் சுப்ரீம் கோர்ட்டு ஏறக்குறைய அடைத்துவிட்டது.

நம் நாட்டில் இந்த விவகாரத்தில் ஆயிரம் சண்டைகள் உண்டு, இன்றும் ஓயவில்லை. ஆனாலும் நாம் வேஷம் போடவில்லை. சென்னை ராஜதானியின் வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று 1951இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னபோது, அதே ஆண்டில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். எத்தனை இடம், யாருக்கு என்று எண்ணில் எழுதி வைத்தார்கள். எண்ணோடு சண்டை போடலாம், எண்ணைக் கூட்டச் சொல்லலாம், குறைக்கச் சொல்லலாம். ஆனால் எண்ணை வைத்துக் கொண்டு யாரும் பாசாங்கு செய்ய முடியாது.

இதுவரை படித்தவர்களில் சிலர் இப்போது சந்தோஷப்பட்டுக் கொண்டிருக்கலாம். “அப்படிச் சொல்லும்! விஞ்ஞானத்தில் என்ன ஆண், பெண், கறுப்பு, வெளுப்பு? தகுதி ஒன்றே போதும்” என்று தலையாட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு.

தூக்கம் வராதவர்களுக்கு ஸோல்பிடெம் என்று ஒரு மாத்திரை உண்டு. 1992இல் அமெரிக்க சர்க்கார் அதை அனுமதித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்ணின் உடம்பிலிருந்து அந்த மருந்து மெதுவாகத்தான் இறங்குகிறது. ராத்திரி விழுங்கிய மாத்திரை, விடிந்து மோட்டார் ஓட்டும்போதும் ரத்தத்தில் நின்று கண்ணைச் செருக வைக்கிறது. இதை ஏற்றுக் கொண்டு, பெண்களுக்குப் பாதி அளவு, 5 மில்லிகிராம் போதும் என்று உத்தரவு வந்தது எப்போது தெரியுமா? 2013இல். இருபது வருஷம் பெண்கள் ஆணின் அளவை விழுங்கிக் கொண்டிருந்தார்கள்.

இருதய நோயை ஆஸ்பிரின் தடுக்குமா என்று 1980களில் ஒரு பிரசித்தமான பரிசோதனை நடந்தது. 22,071 டாக்டர்கள் அதில் சேர்ந்தார்கள். அத்தனை பேரில் ஒரு பெண்கூடக் கிடையாது. அந்தக் காலத்து நடைமுறையே அப்படித்தான். 1977இல் போட்ட ஒரு விதி, குழந்தை பெறக்கூடிய வயதிலுள்ள பெண்களை ஆரம்பப் பரிசோதனைகளில் சேர்க்காதே என்றது. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு வரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போட்டதுதான். நல்ல எண்ணம் பெண்களை விஞ்ஞானத்தின் கணக்கிலிருந்தே தள்ளி வைத்தது. 1993இல் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. தேசிய சுகாதார நிலையங்களின் பணத்தில் நடக்கும் வைத்தியப் பரிசோதனைகளில் பெண்களையும் சிறுபான்மையோரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்றது. உருக்கமான பத்தி எதையும் அந்தச் சட்டம் கேட்கவில்லை. ஆட்களைச் சேர் என்றது. எனக்குப் பிடித்த சட்டம் அது.

இன்னொன்று, நாம் எல்லாரும் விரலில் மாட்டிப் பார்த்தது. கொரோனா சமயத்தில், வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்து, ஆக்ஸிஜன் எவ்வளவு என்று நிமிஷத்துக்கு ஒரு முறை பார்த்துக் கொண்டிருந்தோமே, அந்தச் சின்னக் கருவி. அது விரலின் தோல் வழியே ஒளியைப் பாய்ச்சி அளக்கிறது. 2020இல் மிச்சிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காரர்கள் கருவி சொன்ன கணக்கையும் ரத்தத்தை எடுத்துப் பார்த்த கணக்கையும் ஒப்பிட்டார்கள். கருவி ‘பரவாயில்லை’ என்று சொன்ன வெள்ளை நோயாளிகளில் 100க்கு 3.6 பேருக்கும், கறுப்பு நோயாளிகளில் 100க்கு 11.7 பேருக்கும் நிஜத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. ஏறத்தாழ மூன்று மடங்கு. கருவிக்கு யார் மேலும் துவேஷம் கிடையாது. அதைச் செய்தவர்களின் மேஜை மேல் கறுத்த விரல்கள் போதிய அளவு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கறுத்த விரல் என்றால் அது நமக்குத் தூரத்துச் சங்கதியா என்று வாசகர்கள் தங்கள் கையைப் பார்த்துக் கொள்ளலாம்.

விஞ்ஞானத்தில் எல்லாரையும் சேர்த்துக் கொள்வது ஏழைகளுக்குப் போடும் தர்மச் சோறு அல்ல. கணக்குச் சரியாக வருவதற்கு அது வேண்டும். பாதி ஜனத்தை விட்டுவிட்டு எடுத்த அளவு பாதி அளவு. அதற்குத் தகுதி என்று பெயர் வைத்தாலும் அது பாதிதான்.

‘தகுதி’யை நிறுக்கும் தராசுகூடச் சுத்தமானதா என்று 2011இல் பார்த்தார்கள். தேசிய சுகாதார நிலையங்களுக்கு மனுப் போட்டவர்களின் படிப்பு, அனுபவம், பிரசுரங்கள் எல்லாவற்றையும் ஒப்புக்கு ஒப்பாக வைத்துப் பார்த்த பிறகும், கறுப்பு விஞ்ஞானிக்கு மானியம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளை விஞ்ஞானியைவிட 10 சதவிகிதப் புள்ளிகள் குறைந்திருந்தது. இதைக் கண்டுபிடித்ததும் விஞ்ஞான முறைதான். தகுதியின் பக்தர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லட்டும்.

அவர்கள் பதில் சொல்லவில்லை. வேறு வேலை செய்தார்கள். 2025 ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்ற அன்றே ஜனாதிபதி டிரம்ப் உத்தரவில் கையெழுத்திட்டார். சர்க்கார் காரியங்களில் பன்மை, சமத்துவம், சேர்த்துக் கொள்ளுதல் என்ற மூன்றின் பெயரால் நடப்பவை யாவும் ஒழிய வேண்டும் என்றார். விஞ்ஞான ஸ்தாபனத்தில் உத்தியோகஸ்தர்கள் ஒரு சொல் பட்டியலை வைத்துக் கொண்டு, கொடுத்து முடித்த மானியங்களைச் சலிக்க உட்கார்ந்தார்கள். ‘பெண்கள்’, ‘தடை’, ‘பாரபட்சம்’, ‘காயம்’ என்பவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்த சொற்கள். ஏப்ரல் 18ஆம் தேதி முதல் மானியங்கள் ரத்தாயின. ஒன்றல்ல, பத்தல்ல, ஆயிரத்துக்கும் மேல். நடுவில் நிறுத்தப்பட்ட ஆராய்ச்சி என்பது பாதியில் நிறுத்திய நாவல் மாதிரி அல்ல. நாவலை அப்புறம் எழுதலாம். கலைந்து போன நோயாளிகளையும், சம்பளமில்லாமல் வேறு பிழைப்புக்குப் போன இளைஞர்களையும் அப்புறம் கூட்ட முடியாது.

அந்த ஸ்தாபனத்தின் தலைமைப் பதவியில் அப்போது இருந்தவர் சேதுராமன் பஞ்சநாதன். சென்னையில் பிறந்தவர், இங்கே விவேகானந்தா கல்லூரியில் பௌதிகம் படித்துப் போனவர். திறமை எல்லா ஊரிலும் எல்லா ஜனங்களிடமும் இருக்கிறது, வாய்ப்புத்தான் எட்டவில்லை என்று மேடைக்கு மேடை பேசியவர். 2020இல் அவரை அந்தப் பதவிக்கு நியமித்ததும் இதே டிரம்ப்தான். ஏப்ரல் 24ஆம் தேதி, ஆறு வருஷப் பதவியில் பதினாறு மாதங்கள் மீதி இருக்கையில், தம்மால் ஆனதைச் செய்தாயிற்று என்ற அளவில் எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். மயிலாப்பூரிலிருந்து கிளம்பி அந்த நாற்காலி வரைக்கும் போன ஒருவர் வேறு என்ன எழுதியிருக்கலாம் என்று கற்பனை செய்வது என் தொழிலுக்கு உகந்த காரியம். அவருக்கு மரியாதை அல்ல. விட்டுவிடுகிறேன்.

சுகாதார நிலையங்களின் மானியங்கள் ரத்தானது பற்றி பாஸ்டனில் வழக்கு நடந்தது. வில்லியம் யங் என்ற நீதிபதி, ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்டவர், 2025 ஜூன் மாதத்தில் அது சட்ட விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். நாற்பது வருஷம் இந்த ஆசனத்தில் இருக்கிறேன், சர்க்கார் இப்படி இனப் பாகுபாடு காட்டியதை நான் கண்டதில்லை என்றார். ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கு வேறு கோர்ட்டில் நடக்க வேண்டியது என்று சொல்லி, ரத்து ரத்தாகவே இருக்க வழி விட்டது.

“நீங்களே அந்தப் பத்திகள் பாசாங்கு என்றீர்களே, அப்புறம் அழித்தால் என்ன?” என்று கேட்பீர்கள். பாசாங்குப் பத்தியை அழித்திருந்தால் நான் கை தட்டியிருப்பேன். அவர்கள் பத்தியையா அழித்தார்கள்? பத்தி இருந்த மனுவை அழித்தார்கள். மனுவுக்குள் இருந்த வேலையை அழித்தார்கள். சனிக்கிழமையைக் கொடுத்தவனையும் எழுதினவனையும் பிரித்துப் பார்க்காமல் சேர்த்து அழித்தார்கள். சொல் இருந்தால் போதும் என்றவர்கள் அசட்டுத்தனம் செய்தார்கள். சொல் இருந்தால் ஒழி என்றவர்கள் கொடுமை செய்தார்கள். இரண்டும் ஒரே மரத்துக் கிளைதான். ஆனால் ஒரு கிளை தலையில் இடிக்கும், மற்றது கழுத்தில் சுருக்கிடும். இரண்டையும் சமமாக வைத்துப் பேசும் நடுநிலைமை எனக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால், மனுவில் பத்தியே வேண்டாம். போன ஐந்து வருஷத்தில் யாரைச் சேர்த்தாய், அவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள், உன் பரிசோதனைக்கு வந்தவர்களில் பெண்கள் எத்தனை, கறுத்த தோல்காரர்கள் எத்தனை என்று எண்ணாகக் கேட்கட்டும். விஞ்ஞானிகளுக்கு எண் எழுத வரும். கதை எழுதுவதை எங்களுக்கு விட்டுவிடட்டும்.

தங்கை பிள்ளை போன மாதம் டெலிபோனில் பேசினான். முன்பு பத்தியை நிரப்பிக் கொண்டிருந்தவர்கள் இப்போது புது மனு எழுதும்போது, விலக்கப்பட்ட சொல் எங்காவது தங்கிவிட்டதா என்று கம்ப்யூட்டரில் தேடித் தேடி எடுத்துக் கொண்டிருக்கிறார்களாம். பெரும்பாலானவற்றுக்கு மாற்றுச் சொல் அகப்பட்டுவிட்டதாம். ‘பயஸ்’ என்ற ஒன்றுதான் தொந்தரவு செய்கிறதாம். பாரபட்சம் என்பதற்கான அதே ஆங்கிலச் சொல், அவனுடைய கணித சாஸ்திரத்தில் ஓர் அளவு உண்மையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதற்குப் பெயர். பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது.

“அதுக்கு எங்க சப்ஜெக்டிலே வேறே வார்த்தையே கிடையாது மாமா. நீங்க எழுத்தாளராச்சே, ஏதாவது சொல்லுங்களேன்” என்றான்.

வேறு சொல் இல்லை, அதையே போடு என்றேன்.